கலைச்சொல்: பண்புக்கூற்றை உருவாக்குதலும் பொருத்துதலும்

> எக்ஸ்எம்எல் கோப்புகளை நிரலில் கையாளும் டாம் இடைமுகத்தின் ‘கிரியேட்அட்ரிபியூட்’ கட்டளைக்குப் ‘பண்பு சேர்’ என்று வைக்கலாமா? சுங்கை சிப்புட் வார வகுப்புக் கையேடு அச்சுக்குப் போகுமுன் முடிவு தெரிந்தால் நல்லது.

வணக்கம் ஐயா.

‘பண்பு’ வேண்டாம். அது ‘பிராப்பர்ட்டி’க்கு ஏற்கெனவே புழங்குகிறது, கையேட்டில் இரண்டும் வரும். ‘பண்புக்கூறு’ பலருக்கும் பழகிய சொல், அதையே வைத்துக்கொள்வோம். என் மறுப்பெல்லாம் ‘சேர்’ மீதுதான்.

செம்பனைக் குலைக் கணக்கையே பாருங்கள் (‘குலை’ உறுப்பு; ‘நிரை’, ‘எடை’ அதன் பண்புக்கூறுகள்):

<குலை நிரை="12" எடை="18"/>

(தமிழ்ப் பெயர்களை 1998இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 முதலே ஏற்கிறது. எண்ணில் தொடங்கக் கூடாது, நடுவே இடைவெளி கூடாது.)

‘எடை’யை எழுத டாம் இடைமுகத்தில் இரண்டு வழி உண்டு. உறுப்பிடம் ‘செட்அட்ரிபியூட்’ அழைத்துப் பெயரும் மதிப்பும் கொடுத்தால் வேலை முடிந்தது. அதே பெயர் முன்பே இருந்தால் மதிப்பு மாறும். மற்றது கணு வழி (கணு என்பது ஆவண மரத்தின் ஒரு தனிக் கூறு). ஆவணத்திடம் ‘கிரியேட்அட்ரிபியூட்’ கேட்டால் கிடைப்பது எந்த உறுப்போடும் ஒட்டாத வெறும் கணு. அதற்கு மதிப்பு கொடுத்து, குலை உறுப்பிடம் ‘செட்அட்ரிபியூட்நோட்’ அழைத்த பிறகே அது கோப்பில் வரும். இந்தக் கடைசிப் படியை விட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, எடை மட்டும் காணாமல் போயிருக்கும். கண்டுபிடிக்கக் கடினமான தவறு இது.

‘சேர்’ என்று படித்த மாணவர், சேர்த்தாகிவிட்டது என்று அங்கேயே நின்றுவிடுவார். இல்லையென்றால் பிள்ளைக்கணு சேர்க்கும் ‘அப்பெண்ட்சைல்ட்’ பக்கம் போவார். பண்புக்கூறு உறுப்பின் பிள்ளைக்கணு அல்ல. அங்கே கொடுத்தால் படிநிலைப் பிழை, எண் 3. கணுவை மடக்குக்கு (திரும்பத் திரும்ப ஓடும் நிரல் பகுதிக்கு) வெளியே ஒரே முறை உருவாக்கி, உள்ளே குலைக்குக் குலை பொருத்தப் பார்த்தால் இரண்டாவது குலையிலேயே பிழை எண் 10: அது முதல் குலைக்குச் சொந்தமாகிவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக உருவாக்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: ‘கிரியேட்அட்ரிபியூட்’ பண்புக்கூறு உருவாக்கு, ‘செட்அட்ரிபியூட்நோட்’ பண்புக்கூற்றுக் கணு பொருத்து, ‘செட்அட்ரிபியூட்’ பண்புக்கூறு அமை. ‘மதிப்பிடு’ என்று எங்கும் எழுதாதீர்கள், அது கணித்துச் சொல்வதைக் குறிக்கும்.

> பண்புக்கூற்றுக் கணு பொருத்து

நல்லது தம்பி, ‘பொருத்து’ இருக்கட்டும். 2000இல் வந்த டாம் இரண்டாம் நிலையின் ‘என்எஸ்’ என முடியும், பெயர்வெளியையும் (பெயர்கள் மோதாமல் பிரிக்கும் அடையாளம்) கேட்கும் வடிவங்களுக்குப் ‘பெயர்வெளியோடு’ என்று முன்னால் போடுகிறேன். முன்னொட்டில்லாத பண்புக்கூறு உறுப்பின் இயல்புப் பெயர்வெளியில் சேராது என்பதையும் அங்கேயே எழுதிவிடலாம், பலர் தடுமாறும் இடம்.

தோட்டத்தின் பெயர் போன்ற மதிப்பில் ‘&’ வந்தால் அப்படியே கொடுக்கச் சொல்லுங்கள். கோப்பாக எழுதும் நிரலே அதை மாற்றிக்கொள்ளும். நாமும் கையால் மாற்றினால் இரட்டிப்பாகி, திரும்பப் படிக்கும்போது தோட்டத்தின் பெயரே சிதைந்து வரும்.