புகைக்கலனில் வெப்பம் சமப்படவில்லை, உதவி தேவை

கிளிநொச்சியில் இருக்கிறேன். 200 லீற்றர் இரும்புப் பரலைப் படுக்க வைத்து, பக்கத்தில் தனி நெருப்புப் பெட்டி ஒட்டி, வைகாசியில் பட்டறையில் செய்வித்த, இறைச்சியைப் புகையில் வேகவைக்கும் புகைக்கலன் இது. பழைய உட்பூச்சை முழுவதும் எரித்துச் சுரண்டிய பிறகே தேங்காய் எண்ணெய் மெல்லியதாகப் பூசி, சிரட்டைக்கரியில் சில மணிநேரம் சூடாக்கிப் பழக்கினேன். கருமை அருமையாகப் பிடித்திருக்கிறது.

ஆனால் நெருப்புப் பக்கம் 160 பாகை செல்சியஸ், புகைபோக்கிப் பக்கம் 100. இறைச்சி ஒரு முனையில் கருகுகிறது, மறுமுனையில் வேகவில்லை.

மூடி இடுக்கை வெப்பம் தாங்கும் கயிற்றால் அடைத்தேன். புகைபோக்கியின் உள்வாயை இறைச்சித் தட்டு மட்டத்துக்கு இறக்கினேன். சோளகக் காற்றுக்குத் தகரம் மறைத்தேன். கசிவு நின்றது, வித்தியாசம் குறையவில்லை. பாலை விறகிலும் அதே நிலைதான்.

இனி வெப்பத்தைப் பரப்ப, நெருப்பு வாயிலிருந்து தொடங்கும் துளையிட்ட தகடு ஒன்றை உள்ளே பொருத்த வேண்டும். மூன்றடி நீளக் கலனுக்கு அந்தத் தகடு எவ்வளவு தூரம் நீள வேண்டும்?