மறு: மாற்றியமைத்த இணையப் பெட்டிக்கு ஒரு கலைச்சொல்

> 'இன்டர்நெட் அப்ளையன்ஸ்' என்றால் 'இணையச் சாதனம்' என்று போட்டுவிட்டுப் போகலாமே, இதற்கு ஏன் இத்தனை மடல்?

போடலாம் அண்ணா. ஆனால் ரவுட்டரும் இணையச் சாதனம்தான், மோடமும் இணையச் சாதனம்தான். நம் குழுவின் சொற்பட்டியலுக்கு நான் கேட்டது அதை இல்லை, விற்றபடி இல்லாமல் மாற்றியமைத்த பெட்டிக்கு ஒரு சொல். வாங்கி, சொருகி, நிறுவனம் கொடுத்த ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்க வேண்டும், உள்ளே திறந்து பார்க்கக் கூடாது என்று விற்ற பெட்டி ஒரு வகை. அதையே ஒருவர் திறந்து, லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, வேறு வேலைக்கு வைத்துக்கொண்டால் அது இன்னொரு வகை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல் போட்டால் கையேடு எழுதும்போது மாட்டிக்கொள்வோம்.

கோத்தகிரியில் என் மேசைமேல் இருப்பது ஐ-ஓப்பனர், இணையம் பார்க்க மட்டும் என்று திரையோடு சேர்த்து விற்ற பெட்டி. அமெரிக்காவிலிருந்து திரும்பிய உறவினர் ஒருவர் எடைக்குப் போடுவதற்கு முன் என்னிடம் தள்ளிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நெட்பிளையன்ஸ் என்ற நிறுவனம் இதை 99 டாலருக்கு விற்றது, அடக்கவிலை அதைவிட அதிகம், மாதச் சந்தாவில் எடுத்துவிடலாம் என்று கணக்கு. 2000ஆம் ஆண்டு கென் செக்லர் என்ற பொறியாளர் உள்ளே வன்வட்டு மாட்டும் இணைப்பு இருப்பதைக் கண்டுபிடித்தார். ஊசி வரிசை மட்டும் தலைகீழ், அதற்கேற்ப கேபிளைத் திருப்பிச் செய்தால் மடிக்கணினி வன்வட்டு அப்படியே வேலை செய்கிறது. விஷயம் பரவியதும் ஆளாளுக்கு வாங்கித் திறந்தார்கள், சந்தா கட்டத்தான் ஆள் இல்லை. நிறுவனம் பிறகு, யாரும் மாற்றக் கூடாது என்று, கணினியைத் தொடக்கிவைக்கும் பயாஸ் சிப்பின்மேல் பசையை ஊற்றி விற்றுப் பார்த்தது. அந்தப் பசையையும் சுரண்டி எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.

32 எம்பி நினைவகம், 16 எம்பி ஃபிளாஷ், வின்சிப் செயலி, 800க்கு 600 திரை. இன்றைய வலைத்தளம் எதுவும் இதில் திறக்காது, திறக்க முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 2017இல் வந்த 9ஆம் பதிப்போடு, வின்சிப் போன்ற 586 வகைச் செயலிகளைக் கைவிட்டுவிட்டது. ஆகவே பழைய பதிப்புதான், நான் போட்டிருப்பது 3.0.

சரி, என்னதான் செய்கிறது? உறைபனி பார்க்கிறது.

டிஎஸ்18பி20 வெப்பநிலை உணரி ஒன்றை வீட்டுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கும் கேரட் பாத்தியில் புல் மட்டத்தில் கட்டியிருக்கிறேன். புல் மட்டம் என்பதுதான் முக்கியம், பல பேர் தப்பு பண்ணுவது இங்கேதான். காற்றில்லாத, மேகமில்லாத இரவில் நாலடி உயரத்தில் மூன்று நான்கு டிகிரி காட்டும்போதே கீழே பூஜ்யத்தைத் தொட்டிருக்கலாம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் வெள்ளையாகப் படிந்திருக்கும் காலையில் மேட்டில் இருப்பவன் பனியே இல்லை என்பான். உணரி அரை டிகிரி முன்பின் காட்டும் என்பதால் எச்சரிக்கையை ஒன்றரை டிகிரியில் வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே போனால் திரை முழுக்கச் சிவப்பு, ஸ்பீக்கர் கத்தும், அப்பா எழுந்து வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர் தெளிக்கப் போவார்.

திரையில் வருவது தமிழ். இதில்தான் எனக்குப் பெரிய சந்தோஷம். யூனிகோட் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நிரல் எதையும் இந்த நினைவகத்தில் ஓட்ட முடியாது, ஆனால் யூனிகோட் பரவுமுன் தமிழுக்கு வழக்கிலிருந்த திஸ்கி குறியேற்றத்தில் ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி இடம் உண்டு, கொம்பும் காலும் வரிசையாக வந்து உட்காரும், கோக்கும் வேலையே இல்லை. எழுத்துரு மட்டும் போதும். மற்ற கணினியில் யூனிகோடில் எழுதி, குறியேற்றம் மாற்றும் ஐகான்வ் கட்டளையில் திஸ்கிக்கு மாற்றி இங்கே அனுப்புகிறேன். திஸ்கி செத்துவிட்டது என்பவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி இதையெல்லாம் செய்யும் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: செய்யும். திரைக்குத் தனியாகக் காசு.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். 'பயன்மாற்றி' என்று ஒரு பரிந்துரை வந்தது. மின்மாற்றி, எழுத்துருமாற்றி எல்லாம் எதையோ மாற்றுபவை. இந்தப் பெட்டி எதையும் மாற்றவில்லை, இதைத்தான் மாற்றியிருக்கிறோம். 'மறுசுழற்சிக் கணினி' கூடாது, அது உருக்கி எடுப்பது. 'இணைய' என்று தொடங்கும் எதுவும் வேண்டாம், இணையம்தான் இதற்கு இனிமேல் வரவே வராது.

என் பரிந்துரை ஒரு ஜோடி: நிறுவனம் விற்றபடி இருந்தால் 'ஒருபணிக் கணினி', நாம் திறந்து வேறு வேலை கொடுத்தால் 'மறுபணிக் கணினி'.

கோத்தகிரியிலிருந்து

---

தம்பி,

'ஒருபணி' பரவாயில்லை. 'மறுபணி' என்றால் ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு அதே வகுப்பைத் திரும்பக் கொடுத்த மாதிரி இருக்கிறது. அதே வேலை மறுபடியும் என்றுதானே பொருள் வரும்? 'மாற்றுப்பணி' என்று வைத்தால் என்ன? குன்னூரில் எங்கள் தேயிலை ஆலையில் பழைய தின் கிளையன்ட் (சர்வரின் திரையைக் காட்டும் பெட்டி) ஒன்றை இலை போடுகிறவர்களுக்கு அன்றைய கிலோ விலை காட்ட வைத்திருக்கிறோம். அதுவும் இந்தச் சொல்லில் அடங்க வேண்டும்.

---

> அதே வேலை மறுபடியும் என்றுதானே பொருள் வரும்?

மறுகரை என்றால் அதே கரை மறுபடியும் இல்லையே அண்ணா. மறுபக்கம், மறுகன்னம், எல்லாம் 'மற்றது'தான். 'மறு'வில் மீண்டும் என்பதும் இருக்கிறது, இன்னொன்று என்பதும் இருக்கிறது, நமக்கு இரண்டுமே வேண்டும். 'மாற்றுப்பணி' அலுவலகத்தில் ஏற்கெனவே டெபுடேஷனுக்குப் போய்விட்டது. 'மாற்றுப்பணிக் கணினி' என்றால் கலெக்டர் ஆபீசிலிருந்து கடனுக்கு வந்த கணினி என்று நினைப்பார்கள்.

உங்கள் தின் கிளையன்ட் தாராளமாக அடங்கும். சர்வரோடு பேச மட்டும் விற்ற பெட்டி, இப்போது தானாக விலை காட்டுகிறது என்றால் மறுபணிதான். சர்வரிலிருந்து வரும் திரையைத்தான் இன்னும் காட்டுகிறது என்றால் அது ஒருபணியாகவே இருக்கிறது. எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இந்த வார இறுதிவரை வேறு மறுப்பு வராவிட்டால் இரண்டையும் சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். அப்புறம், வன்வட்டை இணைக்கும் 44 ஊசி ஐடிஇ கேபிள் உதிரி யாரிடமாவது இருந்தால் தனிமடல் போடுங்கள். என்னுடையது ஈரத்தில் பச்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது, பனிக்காலத்துக்கு முன் மாற்ற வேண்டும்.