முதல் நாடகம் எழுதி முடிச்சிட்டேன், அடுத்து என்ன செய்யறது?

பெரம்பூர்ப் பொண்ணு:
வணக்கம். பின்னி மில்லுல வேலை பார்த்த எங்க தாத்தாவை வச்சு ஒரு நாடகம் எழுதியிருக்கேன். 1996ல மில்லை மூடின பிறகும், சங்கு ஊதுற நேரத்துக்கு எழுந்து சட்டையை மாட்டிக்கிட்டுத் திண்ணையில உட்கார்ந்திருப்பார். நாலு பாத்திரம். ஒண்ணரை மணி நேரம் வரும்னு நினைக்கிறேன். ஒரு குழுகிட்ட கொடுத்தேன். எட்டு மாசம் கழிச்சு "இன்னும் வேலை இருக்கு"ன்னாங்க. என்ன வேலைன்னு சொல்லலை. கதை, கவிதைக்காவது பத்திரிகை இருக்கு. நாடகம் எழுதுறவங்க எங்க போய்க் கத்துக்கிறது? போலீஸ் அனுமதி வாங்கணுமேன்னு அம்மா வேற பயப்படுறாங்க.

திருவல்லிக்கேணி நடிகன்:
தங்கச்சி, முப்பத்தோரு வருஷமா மேடையில இருக்கேன். இப்போதைக்கு யார்கிட்டயும் கொடுக்காதே. முதல்ல நாலு பேரைச் சத்தமா வாசிக்க வை. நீ வாசிக்கக் கூடாது, உட்கார்ந்து கேட்கணும்.

ரொம்ப நாள் முன்னாடி காசிமேட்டுப் பையன் ஒருத்தன், மீன் விக்கிற அம்மாவைப் பத்தி ஒரு பிரதி எழுதிக்கிட்டு வந்தான். எங்க மொட்டை மாடியில பாயை விரிச்சு உட்கார்ந்தோம். அந்த அம்மா மகன்கிட்ட பேசுற பேச்சு மட்டும் ஒண்ணேகால் பக்கம். வாசிச்ச நடிகை பாதியில மூச்சு வாங்க நிறுத்தினாங்க. அந்த ஒரு நொடியில எல்லாரும் பேப்பரை விட்டுட்டு அவங்க முகத்தைப் பார்த்தோம். எழுதினவனும் பார்த்தான். மீதிப் பேச்சை அன்னிக்கு ராத்திரியே அடிச்சுட்டு, அவங்க கூடையைக் கழுவுறதா மாத்தினான். இப்படி மூணு வாசிப்பு, நாலு மாசம். ஒத்திகை அதுக்கப்புறம்தான்.

வாசிப்பு நடக்கும்போது விளக்கம் சொல்லாதே. வாய் துறுதுறுங்கும், அடக்கிக்கோ. எந்த வரியில இருமல் வருது, எங்க ஆள் போனை எடுக்கறார்னு பென்சில்ல குறிச்சு வை. முடிஞ்சதும் "நல்லா இருக்கா"ன்னு கேட்காதே, "எங்க விட்டுப்போச்சு"ன்னு கேளு.

ந. முத்துசாமி சிறுகதை எழுதிட்டிருந்து நாடகத்துக்கு வந்தவர். 1977ல கூத்துப்பட்டறைங்கிற நாடகக் குழுவைத் தொடங்கினார். தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானோட கூத்து அவரை அவ்வளவு பிடிச்சு இழுத்தது. எழுதுறவனுக்கு நடிகனோட உடம்பும் குரலும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கணும்னு நான் நம்புறது அவரைப் பார்த்துத்தான். உனக்கு அந்தத் தூரத்துல யாரும் இல்லை, அதான் சிக்கல். எந்தப் பக்கத்துல வேலைன்னு சொல்லாம உன்னை அனுப்பினவங்க மேல எனக்கு வருத்தம்தான்.

மயிலாப்பூர் ரசிகை:
அண்ணா சொன்னது சரி. ஆனா ஒரு தேதி இருந்தாத்தான் பிரதி முடியும்னு நான் நினைக்கிறேன். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவோட கோடை நாடக விழாவுல புது நாடகங்கள்தான் போட்டிக்கு வரும், நடுவர் பரிசும் உண்டு. எங்க குழு பொங்கல் முடிஞ்சதுமே கதை தேட ஆரம்பிச்சிடும். சபாக்காரங்க சிரிக்க வருவாங்க, அது உண்மை. அதுக்காகத் தாத்தாவை ஜோக் அடிக்க வச்சுடாதீங்க. திண்ணையில அவர் சும்மா உட்கார்ந்திருக்கிற அந்தக் காட்சிக்கு ஹால் அமைதியானா, அதுக்கு மேல என்ன வேணும்?

பழைய பரீக்‌ஷா பார்வையாளன்:
அம்மாகிட்ட சொல்லுங்க. பிரதியை முன்கூட்டியே போலீஸ்கிட்ட கொடுத்து அனுமதி வாங்கச் சொன்னது 1954ஆம் வருஷத்து நாடக நிகழ்ச்சிச் சட்டம். பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்தின ஞாநி வழக்குப் போட்டார், 2013ல சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகள் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. நமக்காக ஒருத்தர் படியேறினதை மறக்கக் கூடாது.

பெரம்பூர்ப் பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தாத்தாவோட மில்லுல இருந்த ஒருத்தர் பக்கத்துத் தெருவுல இருக்கார். நேத்து முதல் காட்சியை அவரையே வாசிக்கச் சொன்னேன். சங்கு நேரத்துல தாத்தா பாட்டிகிட்ட பேசுற பன்னிரண்டு வரி வந்ததும் கண்ணாடியைக் கழட்டிட்டார். "உங்க தாத்தா இங்க பேசியிருக்க மாட்டாரும்மா. செருப்பைத் தேடியிருப்பாரு"ன்னார். பன்னிரண்டு வரியையும் அடிச்சுட்டேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்க மொட்டை மாடியில முழுசா வாசிக்கிறோம். பாட்டி பாத்திரத்துக்கு மட்டும் ஆள் இல்லை. அண்ணா, உங்களுக்குத் தெரிஞ்ச நடிகை யாராவது வருவாங்களா?