வைக்கிங் வீட்டுப் பிள்ளைகள்: கோடரியைத் தவிர என்ன சொல்லலாம்?

கதைநேரம் (மதுரை) கேட்டது:

எங்கள் பகுதிச் சிறுவர் நூலகத்தில் ஞாயிறுதோறும் கதை சொல்கிறேன். வருகிறவர்கள் எட்டு முதல் பதினொரு வயதுப் பிள்ளைகள். இந்த மாதம் பழைய காலத்துக் கடலோடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த முறை, ஆயிரம் ஆண்டுக்கு முன் நார்வே, டென்மார்க் பக்கத்தில் வாழ்ந்த வைக்கிங்குகள். கையில் இருக்கும் படப்புத்தகங்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கோடரி, தீ, தாடி. முன்னோட்டமாக ஒரு படத்தைக் காட்டியபோது ஒரு சிறுமி, "இவர்கள் எல்லாரும் சண்டைக்குப் போய்விட்டால் மாட்டை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆனால் எனக்கு அந்தக் கேள்வியிலிருந்தே கதையைத் தொடங்க ஆசை. அந்த வீடுகளில் பிள்ளைகளின் ஒரு நாள் எப்படி இருந்தது? என்ன சாப்பிட்டார்கள், எதை வைத்து விளையாடினார்கள்? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழஞ்சுவடி:

முதலில் படத்தில் உள்ள கொம்பு வைத்த தலைக்கவசத்தைக் கழற்றிவிடுங்கள். 1876இல் ஜெர்மனியில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை தைத்தபோது பிரபலமான கொம்பு அது. நார்வேயில் யெர்முண்ட்பு என்ற பண்ணையில் 1943இல் கிடைத்த உண்மையான வைக்கிங் கவசத்தில் கொம்பும் இல்லை, கொம்பு இருந்த அடையாளமும் இல்லை. மற்றபடி அவர்களில் பெரும்பாலோர் விவசாயிகள். அந்தச் சிறுமி சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறாள்.

வடகடல் (நோர்வே):

தங்கச்சி, சிரித்த பிள்ளைகளை விட்டுவிட்டு மாட்டைப் பற்றிக் கேட்ட பிள்ளையை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து நோர்வேயின் வடக்கில் குடியேறியவள். வந்த புதிதில் மீன் ஆலையில் வேலை. இப்போது பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் இருக்கிறேன். லோஃபோடன் தீவுகளில் போர்க் என்று ஓர் ஊர். அங்கே ஒரு விவசாயி உழும்போது பழைய பொருட்கள் தட்டுப்பட, 1980களில் தோண்டிப் பார்த்தார்கள். 83 மீட்டர் நீளமுள்ள ஒரே வீட்டின் தடம் வெளிப்பட்டது. வைக்கிங் கால வீடுகளில் இதைவிட நீளமானது இதுவரை கிடைக்கவில்லை. இப்போது பக்கத்திலேயே அதே அளவில் ஒரு வீட்டைக் கட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவோம்.

உள்ளே போனதும் முதலில் கண் எரியும். நடுவில் நெருப்பு, மேலே புகை போக ஒரு திறப்பு, புகைபோக்கி கிடையாது. அந்தக் காலத்தில் சன்னல் என்று சொல்லும்படியாகவும் ஒன்றும் இருக்கவில்லை. சுவரோரமாக நீளத் திண்ணை. பகலில் அதில் உட்கார்ந்து வேலை, இரவில் அதிலேயே படுக்கை. வீட்டின் ஒரு முனை மாடுகளுக்கு. பனிக்காலத்தில் மாடும் மனிதரும் ஒரே கூரையின் கீழ். போர்க் வீடு ஒரு தலைவனுடையது. சாதாரணக் குடும்பத்தின் வீடு இதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும், புகை மட்டும் குறையாது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது வாசனையிலிருந்து தொடங்குங்கள்: புகை, சாணம், ஈரக் கம்பளி.

இனி, யார் வீட்டில் இருந்தார்கள், என்ன செய்தார்கள்? ஒரே சொல்லில் சொன்னால் நூல் நூற்றார்கள். அங்குள்ள பழைய இனத்துச் செம்மறிக்கு இரண்டு அடுக்கு மயிர். மேலே நீளமான, முரட்டு மயிர். அடியில் பஞ்சு போன்ற மென்மயிர். கோடையில் அது தானாகவே தளர்ந்துவிடும். கத்தரிக்கோல் இல்லாமல் கையாலேயே உருவி எடுக்கலாம். மயிரைச் சீவிப் பிரித்து, தக்ளியைத் தொங்கவிட்டுச் சுழற்றி நூற்பார்கள். தக்ளியின் அடியில் கல்லிலோ மண்ணிலோ செய்த ஒரு சிறு வட்டு. வாள் கிடைக்காத வீடுகள் ஏராளம், அந்த வட்டு கிடைக்காத வீடு அபூர்வம். சிறுமிகளுக்கு விரல் வசப்பட்டதுமே தக்ளி கைக்கு வந்துவிடும். தறி சுவரில் சாய்ந்து நிற்கும். பாவு நூல்களின் முனையில் கல் கட்டித் தொங்கவிட்டு, ஊடையை மேல்நோக்கி அடித்து நெருக்குவார்கள்.

இது உடுப்புக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பலின் பாயும் கம்பளிதான்! டென்மார்க்கின் ரோஸ்கில்ட கடற்கழியில் 1962இல் ஐந்து கப்பல்களை வெளியே எடுத்தார்கள். அவற்றில் ஒன்று முப்பது மீட்டர் நீளப் போர்க்கப்பல். மரத்தின் வளையங்களை வைத்துப் பார்த்தபோது 1042இல் டப்ளினில் கட்டியது என்று தெரிந்தது. அந்த அளவுக் கப்பலுக்கு நூறு சதுர மீட்டருக்கு மேல் பாய் வேண்டும். முரட்டு மயிரை இறுக்கி நூற்று, நெய்து, காற்று ஊடுருவாதபடி கொழுப்பும் தாரும் பூச வேண்டும். மரவேலையைவிடப் பாய்க்குத்தான் அதிக நேரம் பிடித்திருக்கும் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தவர்களின் முடிவு. படப்புத்தகக்காரர்கள் கப்பலை வரைகிறார்கள், பாயையும் வரைகிறார்கள். அதை நெய்தவளை மட்டும் மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் தீராத கோபம்.

சாப்பாடு: வாற்கோதுமைக் கஞ்சி, தட்டையான ரொட்டி, வெண்ணெய், தயிர், பட்டாணி, வெங்காயம், காட்டு ஆப்பிள். வடக்கே எல்லாவற்றுக்கும் மேலாகக் கோட் மீன். தலையைக் கிள்ளி, வாலோடு வாலைக் கட்டி, மரப்பரணில் தொங்கவிட்டால் குளிர்காற்றே காயவைத்துவிடும். உப்பே போடாத கருவாடு. கட்டை போல் ஆகிவிடும், தட்டித்தான் தின்ன வேண்டும். ஆலையில் இருந்தபோது அந்தப் பரணுக்குக் கீழே நின்று வேலை செய்திருக்கிறேன், இன்றும் அதே முறைதான். தெற்கே ஹெடபி என்ற வைக்கிங் காலச் சந்தை நகரில் கிடைத்த கோட் எலும்புகளின் மரபணுவைப் பார்த்து, அவை வடதுருவக் கடல் மீன்கள் என்று 2017இல் அறிவித்தார்கள். எங்கள் பக்கத்துக் கருவாடு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

கதைநேரம் (மதுரை):

அக்கா, பாயைப் பற்றி இதுவரை எங்கும் படித்ததில்லை. மிக்க நன்றி. விளையாட்டைப் பற்றியும் ஏதாவது சொல்லுங்கள். இன்னொன்று: இவர்கள் குளிக்கவே மாட்டார்கள், அழுக்கர்கள் என்று ஒரு பையன் அடித்துச் சொல்கிறான்.

பழஞ்சுவடி:

அந்தப் பையனிடம் சொல்லுங்கள்: டேனியர்கள் (டென்மார்க்கிலிருந்து வந்த வைக்கிங்குகள்) தினமும் தலை வாரினார்கள், சனிக்கிழமைதோறும் குளித்தார்கள், அதனால்தான் எங்கள் பெண்களை மயக்கினார்கள் என்று ஓர் இங்கிலாந்துப் பழைய வரலாற்று நூல் புலம்புகிறது.

அவனுக்கு அது போதாதென்றால் இங்கிலாந்தின் யார்க் நகரத்துச் செய்தி ஒன்று உண்டு. அங்கே 1972இல் வைக்கிங் காலத்து மனித மலம் ஒன்று, இருபது சென்டிமீட்டர் நீளம், இறுகிப்போன நிலையில் கிடைத்தது. ஆராய்ந்தால் உள்ளே குடல்புழு முட்டைகள் நிறைய. தின்றது இறைச்சியும் ரொட்டியும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். இதைச் சொன்ன பிறகு வேறு எதையும் அந்த வகுப்பில் சொல்ல முடியாது, அதனால் கடைசியில் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை:

எல்லாம் சரி. ஆனால் கஞ்சியும் கம்பளியும் மட்டும் சொல்லி, இவர்கள் ஏதோ சாதுவான குடியானவர்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டால் அது நேர்மையாகாது. 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடியவர்கள் இவர்கள். 821இல் டப்ளினுக்கு அருகிலுள்ள ஹோவ்த்திலிருந்து ஏராளமான பெண்களைப் பிடித்துக்கொண்டு போனதை அயர்லாந்து ஆண்டுக்குறிப்பு பதிவு செய்திருக்கிறது. டப்ளின் பெரிய அடிமைச் சந்தையாக இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைத் தாங்கும் தெம்பு உண்டு.

வடகடல் (நோர்வே):

ஆசிரியை அம்மா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் சண்டைப் படமாகக் காட்டத் தேவையில்லை. அதே புகை நிறைந்த வீட்டுக்குள்ளேயே சொல்லலாம். விடியுமுன் எழுந்து சாம்பலுக்குள் மூடிவைத்த நெருப்பைக் கிளறியவள் அந்த வீட்டு மகளாகவும் இருக்கலாம், அயர்லாந்துக் கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண்ணாகவும் இருக்கலாம். வைக்கிங்குகள் குடியேறிய ஐஸ்லாந்துத் தீவில் முதலில் வந்த பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரின் வேர் அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கம் போவதாக மரபணு ஆய்வு சொல்கிறது. எல்லாரும் அடிமைகளாக வந்தவர்கள் அல்லர், ஆனால் பலர் விரும்பி வந்திருக்கமாட்டார்கள். எங்கள் பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒருவன், "அவள் யாரோடு அவளுடைய மொழியில் பேசினாள்?" என்று கேட்டான். நான் விளக்கம் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கேள்வியை அவர்களிடமே விட்டுவிட்டேன்.

விளையாட்டுக்கு வருகிறேன். நோர்வேயின் நடுப்பகுதியில் எர்லாண்ட் என்ற இடத்தில், பண்ணைக் கிணறு ஒன்றின் அடியிலிருந்து ஆயிரம் ஆண்டுப் பழமையான பொம்மைப் படகு கிடைத்தது. மூக்கு நிமிர்ந்த படகு. நடுவில் பாய்மரம் நட ஒரு துளை. அதைச் செதுக்கித் தர ஒரு பெரியவருக்கு நேரம் இருந்திருக்கிறது!

அதைவிட எனக்குப் பிடித்தது கோக்ஸ்டாட் கப்பல். ஏறத்தாழ 900இல் ஒரு தலைவனோடு புதைத்தது, 1880இல் தோண்டி எடுத்தார்கள். அறுபத்து நான்கு கேடயம், இரண்டு மயில் என்று உள்ளே இருந்த பட்டியல் நீளம். (ஆம், மயில்தான். நம் பக்கத்துப் பறவை அங்கே எப்படிப் போனது என்று பிள்ளைகளையே கேளுங்கள்.) ஆனால் நீங்கள் சொல்ல வேண்டியது தளப்பலகையைப் பற்றி. யாரோ தன் பாதத்தைப் பலகையில் வைத்து, கத்தி முனையால் சுற்றிக் கீறியிருக்கிறார்கள். வலது பாதம் தெளிவாக, இடது பாதம் கொஞ்சம் மங்கலாக. கடலில் வேலை இல்லாமல் சலித்துப்போன ஒரு பையனாக இருக்கும் என்பது என் ஊகம். உங்கள் நூலகத்தில் ஆளுக்கொரு தாளைக் கொடுத்துப் பாதத்தை வரையச் சொல்லுங்கள்.

கதைநேரம் (மதுரை):

பாதம் வரைவது நிச்சயம் செய்வோம். கடைசியாக ஒன்று. அவர்கள் ஆடிய பலகை விளையாட்டு ஏதாவது தரையில் கட்டம் போட்டு ஆடக்கூடியதாக உண்டா?

வடகடல் (நோர்வே):

உண்டு. ஹ்னெஃபடாஃப்ல் என்று பெயர். நம் ஆடுபுலி ஆட்டம் மாதிரி இரு பக்கமும் சமமில்லாத ஆட்டம். வைக்கிங் காலத்து விதிகள் முழுதாக எழுதிவைக்கப்படவில்லை. ஆனால் தாவரங்களுக்குப் பெயர் வைத்த அதே லின்னேயஸ், 1732இல் ஸ்காண்டிநேவியாவின் வடக்கிலுள்ள லாப்லாந்தில், அங்குள்ள பழங்குடிகளான சாமி மக்கள் ஆடிய இதே வகை ஆட்டத்தைக் குறித்துவைத்தார். அதை வைத்துத்தான் நாங்கள் ஆடுகிறோம்.

ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். நடுக்கட்டத்தில் ராஜா, அவரைச் சுற்றி எட்டு வீரர்கள். நான்கு ஓரங்களிலும் எதிரிகள், மொத்தம் பதினாறு. எல்லாக் காயும் சதுரங்கத்தின் யானை போல நேராக எவ்வளவு தூரமும் போகலாம், குறுக்கே போகக் கூடாது, தாண்டவும் கூடாது. எதிராளியின் காயை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்தால் அது வெளியே. ராஜா ஓரத்துக் கட்டம் ஒன்றை எட்டினால் அவர் பக்கத்துக்கு வெற்றி. அதற்குள் அவரை நான்கு பக்கமும் மறித்துவிட்டால் எதிரிகளுக்கு வெற்றி.

காய்க்குப் புளியங்கொட்டையும் சோழியும் போதும். முதலில் ஆடுகிறவர்களுக்கு ராஜா பக்கத்தைக் கொடுங்கள், அதுதான் சுலபம்.