மழைக்குப் பிறகு நடுங்கும் ஐடிலிங்: மறுபடியும் ஸ்பார்க் பிளக்கைத்தான் மாற்ற வேண்டுமா?

கேள்வி (செங்கோட்டை)

அனைவருக்கும் வணக்கம். என்னுடையது மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனித்தனிக் காயில் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் பாகம்) உட்காரும் வகை. வாரத்தில் மூன்று நாள் புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் வரை சென்று திரும்புகிறேன். சாரல் தொடங்கியதிலிருந்து வண்டி ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும் நிலை) நிற்கும்போது உடம்பெல்லாம் உதறுகிறது. ஆக்சிலேட்டரைச் சற்று மிதித்தால் அடங்கிவிடுகிறது. மலையேற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தினால் மிஸ்ஸிங் அடித்து (பெட்ரோல் இடையிடையே எரியாமல் தடுமாறி), இன்ஜின் விளக்கும் மின்னுகிறது. ஒரு பட்டறையில் மூன்று பிளக்குகளையும் மாற்றினார்கள். பத்து நாள் நன்றாக ஓடியது. பிறகு பழையபடியே ஆகிவிட்டது. இப்போது மூன்று காயில்களையும் மாற்றச் சொல்கிறார்கள். பழுது எங்கே என்று தெரியாமலேயே பாகங்களை வாங்க மனம் ஒப்பவில்லை. எதிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

மறுமொழி 1 (புளியரை, பட்டறை நடத்துபவர்)

தம்பி, விளக்கு நிலையாக எரிவது வேறு, மின்னுவது வேறு. மின்னினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆகவே பழுது தெரியும்வரை மலையேற வேண்டாம்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஐடிலில் மட்டும் உதறி, வேகம் கூடியதும் முற்றிலும் சீராகிவிட்டால், வேக்குவம் ஹோஸ் (இன்ஜின் காற்றை இழுக்கும் பக்கத்தோடு இணைந்த ரப்பர் குழாய்) விரிசலையோ, காற்று நுழையும் திராட்டில் பாடியில் படிந்த கரியையோதான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஏனென்றால் ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்று மிகவும் குறைவு, அதில் கணக்கில் வராத கொஞ்சம் காற்று கலந்தாலும் கலவை கெட்டுவிடும். ஆனால் உங்கள் வண்டி ஏற்றத்திலும் தடுமாறுகிறது. பாரம் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடுவதால், பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக மின்னழுத்தம் தேவைப்படும். அந்த நேரத்தில் மின்சாரம் வேறு சுலபமான வழி கிடைத்தால் அதிலேயே போய்விடும். ஐடிலிலும் ஏற்றத்திலும் ஒருசேரத் தொல்லை என்றால் பிளக், காயில், பூட் (காயிலிலிருந்து பிளக்கின் மேல் செருகும் ரப்பர் உறை) ஆகிய மூன்றில் ஒன்றில்தான் என் கண் போகும்.

முதலில் ஸ்கேனர் போட்டு, பி 0301, பி 0302, பி 0303 ஆகியவற்றில் எந்தப் பிழைக் குறியீடு வருகிறது என்று பாருங்கள். கடைசி எண்தான் சிலிண்டரின் எண். பிறகு அந்தச் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். குறியீடும் கூடவே நகர்ந்தால் பழுது காயிலிலோ அதன் பூட்டிலோ இருக்கிறது. நகராவிட்டால் பிளக்கை இதேபோல மாற்றிப் பாருங்கள். அதற்கும் நகராவிட்டால்தான் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்), கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பக்கம் போக வேண்டும். மூன்று காயிலையும் ஒரேயடியாக மாற்றச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

மறுமொழி 2 (புனலூர்)

அண்ணாச்சி சொன்ன வேக்குவம் ஹோஸ் என் வண்டியில்தான் நடந்தது. ரப்பர் ஷீட் உலர்த்தும் கொட்டகை அருகே வண்டியை நிறுத்துவேன்; எலி ஹோஸைக் கடித்திருந்தது. பானட்டைத் திறந்தால் மெல்லிய சீறல் கேட்டது, ஹோஸைக் கொறட்டால் அழுத்தியதும் ஐடிலிங் சீரானது. ஆனால் எனக்கு ஏற்றத்தில் எந்தத் தொல்லையும் இருந்ததில்லை.

கேள்வி கேட்டவர்

பி 0302 வந்தது. காயிலை மூன்றாவதற்கு மாற்றியதும் பி 0303 ஆகிவிட்டது. காயிலைக் கழற்றியபோது இரண்டாவது பிளக் குழியின் அடியில் துரு நீர் தேங்கிய தடம் இருந்தது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கீறியதுபோல ஒரு கருப்புக் கோடு இருக்கிறது; பூட்டின் உட்புறத்திலும் அதே கோடு. சென்ற மாதம் வாட்டர் சர்வீஸில் இன்ஜின் மேலும் தண்ணீரைப் பீய்ச்சினார்கள், அதுதான் காரணமோ?

மறுமொழி 1

அதுவேதான். ஈரத்தின் வழியே மின்சாரம் பீங்கானின் மேல்புறமாகவே இறங்கி, போன வழியெல்லாம் கரியாக்கி விட்டது. பட்டறையில் பிளக்கை மட்டும் மாற்றியதால் பூட்டிலுள்ள பழைய கோடு புதுப் பிளக்கிலும் பதிந்துவிட்டது; பத்து நாள் நன்றாக ஓடிப் பிறகு கெட்டது அதனால்தான். பூட்டையும் அந்த ஒரு பிளக்கையும் சேர்த்து மாற்றுங்கள். பூட் தனியாகக் கிடைக்காவிட்டால் மட்டும் அந்த ஒரு காயில்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைக் கழற்ற வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது திருகினால் மரை பிய்ந்து வந்துவிடும். கழற்றுமுன் குழியிலுள்ள நீரையும் மண்ணையும் காற்றடித்து வெளியேற்றுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்கின் இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். முதலில் ஸ்பானரைத் தொடாமல், ஒரு ரப்பர் குழாயைப் பிளக்கின் தலையில் செருகி விரலால் சுழற்றி ஏற்றுங்கள். மரை கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கி உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும். வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக் என்றால், கையால் முடிந்தவரை இறுகிய பின் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை போதும்; டார்க் ரென்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர்.

கேள்வி கேட்டவர்

நேற்று மாற்றினேன். இன்று ஆரியங்காவு வரை ஏறி இறங்கினேன். உதறலும் இல்லை, விளக்கும் மின்னவில்லை. மிக்க நன்றி அண்ணாச்சி. ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: முதல் பிளக்கின் பீங்கானில், இரும்பு உடலை ஒட்டிப் பழுப்பு வளையம் ஒன்று இருக்கிறது. புகை கசிகிறதா?

மறுமொழி 1

இல்லை தம்பி. உயர் மின்னழுத்தத்தால் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்கள் ஒட்டிப் படியும் கறை அது. கரோனா கறை என்போம். கோடாக இறங்காமல் வளையமாக இருக்கும்வரை அந்தப் பிளக்கை மாற்றத் தேவையில்லை.