ஈஸ்டருக்குக் கோவிலுக்குப் போகிறோம், சரி. அங்கே கேட்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்கிறோம்?

தொடங்கியவர் – தூத்துக்குடி, இப்போது சென்னை

ஈஸ்டருக்குக் கோவிலுக்குப் போவீர்களா என்று கேட்டால் நம் ஆட்கள் பெரும்பாலும் "போகாமல்?" என்பார்கள். நான் கேட்க நினைப்பது அதற்கு அடுத்த கேள்வி. போய் நிற்கிறோமே, எதை நம்பி நிற்கிறோம்?

சாதாரண ஞாயிறுகளில் விசுவாசப் பிரமாணத்தைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். பாஸ்கா திருவிழிப்பில் அப்படித் தப்பிக்க முடியாது. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை ராத்திரி, எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி. சாமியார் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா? இறந்து, அடக்கம் செய்யப்பட்டு, உயிர்த்தெழுந்த கிறிஸ்துவை நம்புகிறீர்களா? மெழுகு விரலில் சொட்டச் சொட்டக் கோவில் முழுக்க ஒரே குரலில் பதில் சொல்கிறது. பக்கத்தில் நிற்கும் மச்சான் அப்போது என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு எப்போதும் ஒரு ஆர்வம் உண்டு.

என் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இயேசு வாழ்ந்தார், சிலுவையில் செத்தார், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாம் நாள் உடலோடு எழுந்தார் என்பதைச் சில வருஷம் முழுசாக நம்புகிறேன், சில வருஷம் அரைகுறையாக. வாய் மட்டும் ஒரு வருஷம்கூடத் தயங்கியதில்லை. 'உன்னதங்களிலே' கீதம் பாடும்போது வியாழக்கிழமையிலிருந்து ஊமையாகக் கிடந்த மணிகள் எல்லாம் ஒரேயடியாக அடித்து, விளக்குகள் எரிந்து, திரைக்குப் பின்னால் வெடிச்சத்தத்தோடு உயிர்த்த ஆண்டவர் சுரூபம் மேலே வரும்போது அரைகுறையும் முழுசாகிவிடுகிறது. அது விசுவாசமா, புல்லரிப்பா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஆச்சிக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது), பாஸ்கா காலத்தில், அதாவது ஈஸ்டரையொட்டி, ஒரு நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்), இதைத் தவறவிட்டவனுக்கு வீட்டில் ஈஸ்டர் பிரியாணி கிடையாது. இது ஆச்சி போட்ட சட்டமும் இல்லை. 1215இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்கள் கூட்டம் போட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பவர்களை நாம் கிண்டல் செய்கிறோம். நற்கருணை விஷயத்தில் அவர்கள் குறைந்தபட்ச விதியைச் சரியாகத்தான் கடைப்பிடிக்கிறார்கள்!

உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம்.

பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை)

தம்பி, எங்கள் பக்கம் ஈஸ்டரைவிடப் பெரிய வெள்ளிக்குத்தான் கூட்டம். மத்தியானம் 12 மணிக்குத் தொடங்கி 3 மணி வரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகள் தியானம். லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) முழுக்க ஆலயப் பக்கமே வராதவர்கள்கூட அன்றைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஈஸ்டர் ஆராதனை விடியற்காலை இருட்டோடு. அதற்கு எழுந்து வருவது வேறு கூட்டம். சாவை நம்புவதற்கு விசுவாசம் தேவையில்லை, யார் வீட்டில்தான் சாவு விழவில்லை? எழுந்தார் என்பதுதான் இடிக்கிறது. பவுல் அதில் சமரசமே செய்யவில்லை. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் விருதா (வீண்), உங்கள் விசுவாசமும் விருதா என்று கொரிந்தியருக்கு எழுதிவிட்டார்.

எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி அப்பா இறந்தபோது வந்தது. சென்னையில் என் தம்பி வீட்டில் வைத்து இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை, பழைய குடும்பக் கல்லறை இருந்தால்தான் அதைத் திறந்து வைக்கலாம் என்றார்கள். எங்களுக்கு அங்கே எந்தக் கல்லறை? தம்பி மெதுவாக, தகனம் செய்துவிடலாமா என்றான். அத்தை எழுந்து நின்றுவிட்டார்கள். "சாம்பலாக்கிட்டா கடைசி நாள்ல எங்க அண்ணன் எதை வச்சுல எழும்புவான்?"

சிரிக்காதீர்கள். 'சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்' என்று வாராவாரம் சொல்கிறோமே, அதை வார்த்தைக்கு வார்த்தை நம்பியவர் அந்த வீட்டில் அத்தை ஒருவர்தான். தம்பிக்கு ஆத்துமா போதும். எனக்கு அன்றைக்கு எதுவும் தோன்றவில்லை. எங்கள் சபை ஐயர் (போதகர்) வந்து, மண்ணுக்குள் வைத்தாலும் சில வருஷத்தில் மண்தானே, விதைக்கிறது ஒன்று, முளைக்கிறது வேறொன்று என்று பவுலே சொல்லியிருக்கிறார் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அத்தை தலையாட்டினார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஆம்புலன்ஸ் பிடித்து அப்பாவை ஊருக்கே கொண்டுவந்து அடக்கம் செய்தோம்.

கத்தோலிக்கத் திருச்சபை தகனத்துக்கு 1963லேயே அனுமதி கொடுத்துவிட்டது என்று பிறகு ஒரு ரோமன் கத்தோலிக்கச் சிநேகிதி சொன்னாள். அவள் மாமியாரும் கேட்கவில்லையாம்.

மதுரை, பெந்தெகொஸ்தே

எங்கள் சபையில் லெந்து கிடையாது, சாம்பல் புதன் கிடையாது. ஆண்டவர் எழுந்த நாள் என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமையே கூடுகிறோம், ஆகவே வருஷத்துக்கு 52 ஈஸ்டர். (பாஸ்டர் அப்படித்தான் சொல்வார். ஆனால் ஈஸ்டர் அன்றைக்கு மட்டும் நாற்காலி வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கிறது.)

குமரி மேற்குக் கடற்கரை

பாளையங்கோட்டை அக்கா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அடக்கம் செய்ய உடலாவது இருந்ததே, அக்கா.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று எங்கள் ஊர்களில் எத்தனையோ பேர் ஆழ்கடலில் இருந்தார்கள். பலருடைய உடல் கிடைக்கவே இல்லை. கிறிஸ்துமஸ் வந்தது, கொண்டாடவில்லை. அடுத்த ஈஸ்டர் 2018 ஏப்ரல் 1. அன்றைக்கு வாசித்த நற்செய்தியில் பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள், உள்ளே உடல் இல்லை. அதுவரை எத்தனை ஈஸ்டருக்கு அதைக் கேட்டிருக்கிறேன், உடல் இல்லை என்பது எனக்கு நல்ல சேதியாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கேவல் வந்தது. அப்புறம் பலர் அழுதார்கள். சாமியார் வாசிப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

அந்தப் பெண்களில் ஒருத்தர் என் சித்தி. அவர் உயிர்ப்பை நம்புகிறாரா என்றால் நம்புகிறார். ஆனால் அதைவிட, சித்தப்பா எங்கோ ஒரு கரையில் ஒதுங்கி உயிரோடு இருக்கிறார் என்பதை ரொம்ப நாள் நம்பினார். இரண்டையும் ஒரே குரலில்தான் பேசுவார். எது விசுவாசம், எது ஆற்றாமை என்று கேட்க எனக்கு வாய் வராது.

சென்னை, பெசன்ட் நகர்

நான் இந்து. பக்கத்து வீட்டு அக்காவோடு வேளாங்கண்ணி மாதா கோவிலுக்குப் போவேன், மெழுகுவர்த்தி ஏற்றுவேன். உயிர்த்தெழுந்தாரா என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. சாமி என்றால் அதெல்லாம் செய்யும்தானே? இதில் நம்புவதற்கு என்ன கஷ்டம் என்றே எனக்குப் புரியவில்லை. இந்த வருஷம் ராத்திரி பூசைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அப்பம் கொடுக்கும்போது நானும் வரிசையில் போகலாமா?

மட்டக்களப்பு

எங்களிடம் உயிர்த்த ஞாயிறு என்றால் 2019 ஏப்ரல் 21 என்ற தேதியும் கூடவே வந்துவிடும். இங்கே சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் செத்தவர்களில் நிறையப் பேர் பிள்ளைகள். ஞாயிறு பாடசாலை முடித்து வெளியே வந்து நின்றவர்கள். அதே காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலும். அடுத்த ஞாயிறு கோவில்கள் பூட்டியே கிடந்தன, கர்தினாலின் பூசையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதற்கடுத்த வருஷம் கொரோனா ஊரடங்கு, மறுபடியும் வீடு. பிறகு திறந்தபோது வாசலில் ஆமிக்காரர், பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே.

நாங்கள் கத்தோலிக்கர், போகிறோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரி போவதில்லை. கடவுளோடு கோபமா என்று யாரோ கேட்டதற்கு, "கோபமில்லை. தினமும் செபிக்கிறன்தானே. அண்டைக்கு மட்டும் உள்ளுக்க இருக்க ஏலாது" என்றார். கோவிலுக்குப் போகிறவர்களை எண்ணி விசுவாசத்தை அளக்கப் பார்க்கும் ஆட்கள் அவரை எந்தப் பக்கம் சேர்ப்பார்களோ தெரியாது.

லண்டன், சொந்த ஊர் நாகர்கோவில்

இங்கே வெள்ளியும் திங்களும் விடுமுறை. ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய கடைகளைத் திறக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் கூட வேலை பார்க்கும் வெள்ளைக்காரர்களில் பாதிப் பேருக்கு அது சாக்லேட் முட்டை வாங்கும் நாள். ஒருவர் மட்டும் தவறாமல் ஆலயத்துக்குப் போவார். உயிர்த்தெழுதலை நம்புவீர்களா என்று கேட்டேன். இல்லையாம், அழகான கதையாம், அம்மா பாடிய பாட்டுகளைப் பாடத்தான் போகிறாராம். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார். நம் ஊரில் இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல ஆள் கிடைக்காது. அப்படி நினைப்பவர்கள் இல்லாமலா இருப்பார்கள்?

தொடங்கியவர்

குமரி அண்ணனுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை, அதனால் எழுதவில்லை.

பெசன்ட் நகர் தோழிக்கு: நற்கருணை வரிசையில் மட்டும் போக வேண்டாம், அது ஞானஸ்நானம் வாங்கிய கத்தோலிக்கருக்கானது. இடத்திலேயே உட்கார்ந்திருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். மெழுகுவர்த்தி, தீர்த்தம் எல்லாம் எல்லாருக்கும் உண்டு. சாமியார் அந்தக் கேள்விகளைக் கேட்கும்போது சும்மா நிற்கலாம், பதில் சொன்னாலும் யாரும் தடுக்கப் போவதில்லை. 11 மணிப் பூசை என்றால் பத்தரைக்கே போய்விடுங்கள். வெளியே நெருப்பு மந்திரித்து பாஸ்கா திரி ஏற்றுவதைப் பார்க்காவிட்டால் பாதி போச்சு. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் மட்டும் ஏழு வரை போகும், முடிய ஒன்றரை, இரண்டு மணி ஆகிவிடும். மத்தியானமே கொஞ்சம் தூங்கிவைத்துக்கொள்ளுங்கள்.