அலுவலகக் கேலிக்கு முறை உண்டா?

கணக்குப்பிள்ளை:
சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் என் பிரிவில் உள்ள பெண் ஒருவர் பட்டுப்புடவை உடுத்தி வந்திருந்தார். "என்ன மேடம், இன்றைக்குப் பெண் பார்க்க வருகிறார்களா?" என்று கேட்டேன். அங்கிருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். பத்து நாள் கழித்து மனிதவளப் பிரிவில் கூப்பிட்டு, எழுத்தில் புகார் எதுவும் வரவில்லை, ஆனாலும் இனிமேல் பார்த்துப் பேசுங்கள் என்றார்கள்.

அன்றிலிருந்து வேலையைத் தவிர வேறு எதையும் நான் பெண்களிடம் பேசுவதில்லை. தேநீர் குடிக்க ஆண்கள் மட்டும் கீழே போய்விடுகிறோம். கோயம்புத்தூர்க் கிளைத் தணிக்கைக்கு வழக்கமாக அந்தப் பெண்ணும் வருவார். இம்முறை இரண்டு ஆண்களின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் பிரிவுப் பெண்களும் என்னைக் கேலி செய்தவர்கள்தாம். எனக்குத் திருமணமான புதிதில், "சார் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?" என்று மாதக்கணக்கில் கேட்டார்கள். நான் எங்கும் போய் முறையிடவில்லை. ஒன்பது மணி நேரம் கூடியிருக்கும் இடத்தில் கேலி கிண்டலே ஆகாது என்றால், அது அலுவலகமா, இழவு வீடா?

வேளச்சேரி வாசகி:
"அவரும் சிரித்தார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

மகப்பேறு விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது என் மகனுக்கு ஆறு மாதம். எங்கள் அலுவலகத்தில் தனியறை கிடையாது. பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் அறையில், பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் பால் எடுத்துக் குளிர்பெட்டியில் வைப்பேன். நான் கைப்பையோடு எழுந்தாலே பின் வரிசையிலிருந்து, "ஆவின் பூத் திறந்தாச்சு" என்று ஒரு குரல் வரும். முதல் நாள் எல்லோரும் சிரித்தபோது நானும் சிரித்தேன், ஏனென்றால் சிரிக்காதவளுக்கு அந்த அறையில் அடுத்த நாள் என்ன பெயர் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். அப்படி ஏழு வாரம் சிரித்தேன். பிறகு மூன்று மணிக்கு எழுந்திருப்பதை நிறுத்தினேன், அடுத்த மாதம் பதினொரு மணிக்கு எழுந்திருப்பதையும் நிறுத்தினேன். அந்தக் குரலுக்கு உரியவர் கெட்டவர் அல்லர். என் மகனின் முதல் பிறந்தநாளுக்கு வெள்ளி அரைஞாண் வாங்கி வந்தார். அவரிடம் கேட்டால் நானும் சிரித்தேன் என்றுதான் இன்றும் சொல்வார்.

கணக்குப்பிள்ளை:
சகோதரி, உங்களுக்கு நடந்தது தவறு, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதையும் என் புடவைப் பேச்சையும் ஒரே தராசில் வைக்கலாமா? பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று நானும் படித்திருக்கிறேன். ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவியின் வழக்கை ஒட்டித்தான் 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அவ்வளவு பெரிய கொடுமையிலிருந்து பிறந்த ஒன்றைப் பட்டுப்புடவைப் பேச்சு வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தால், அந்தக் கொடுமைதான் சிறுத்துப்போகும்.

வெளியாள்:
ஒரு நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராக இருக்கிறேன். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடமெல்லாம் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படி ஒரு குழுவை அமைக்க வேண்டும். கணக்குப்பிள்ளை நினைப்பதைவிடச் சட்டம் நிதானமானது என்பதையும், அதே சமயம் அவர் நம்புகிற அளவுக்கு அவருக்குச் சாதகமானது அன்று என்பதையும் 2025-இல் வந்த இரண்டு தீர்ப்புகளை வைத்தே சொல்லிவிடலாம்.

ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்பதைவிட எதிரில் இருந்த பெண் அதை எப்படி உணர்ந்தார் என்பதே முக்கியம் என்றது. மேலதிகாரி ஒருவர் பெண் ஊழியர்களுக்கு மிக அருகே வந்து நின்றது பற்றிய வழக்கு அது; வேலையை மேற்பார்வையிடத்தான் நின்றேன் என்ற அவருடைய விளக்கம் எடுபடவில்லை. மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு. பயிற்சி வகுப்பில் ஒரு பெண்ணின் நீண்ட கூந்தலைப் பார்த்து, ஜேசிபி வைத்துத்தான் வாருவீர்களோ என்று கேட்டு, இந்திப் பாட்டு ஒன்றின் வரியையும் பாடியவர் மீதான புகார். சொன்னதெல்லாம் உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் அது பாலியல் துன்புறுத்தல் ஆகாது என்று அந்த நீதிமன்றம் முடிவு செய்தது.

என்னைக் கேட்டால், புடவைப் பேச்சு எங்கள் குழுவின் முன் நிற்காது. ஆவின் பூத் பேச்சு நின்றிருக்கும். அது உடலைப் பற்றியது, வாரக்கணக்கில் தொடர்ந்தது. ஆனால் புகாரை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை நீட்டித் தரலாம் என்பது விதி. சிரித்தபடியே சகித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அந்தக் காலம் தாண்டித்தான் எங்களிடம் வருகிறார்கள். இன்னொன்று, "பெண்களுக்குக் கணக்கு வராது" என்பது போன்ற பேச்சு, பாலியல் சாயல் இல்லாததால், எவ்வளவு இழிவானதாக இருந்தாலும் இந்தச் சட்டத்துக்குள் எளிதில் வருவதில்லை.

எக்ஸ்சேஞ்ச் அக்கா:
நான் 1983-இல் தொலைபேசி நிலையத்தில் டிரங்க் போர்டில் உட்கார்ந்தவள், ஓய்வு பெற்று ஆண்டுகள் ஆகின்றன. தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: எங்கள் திருநெல்வேலிப் பக்கம் இழவு வீட்டிலும் கேலி உண்டு. சம்பந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் பந்தலடியிலேயே ஆரம்பித்துவிடும். ஆனால் யார் யாரைக் கேலி செய்யலாம் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மதினி கொழுந்தனை வாரலாம், கொழுந்தன் மதினியை வாரலாம், அத்தை மகளும் மாமன் மகனும் வாயாடலாம். சித்தப்பா மகளிடம் அதே பேச்சைப் பேசினால் செருப்படி விழும். முறையுள்ள இடத்தில் வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கவும் உரிமை உண்டு, அதனால் ஒருவருக்கும் பாக்கி நிற்காது.

அலுவலகத்தில் அந்த முறை கிடையாது, பதவிதான் இருக்கிறது. உங்களிடம் மதுரையா, சிதம்பரமா என்று கேட்டவர்களின் ஆண்டு மதிப்பீட்டை யார் எழுதினார்கள்? நீங்கள்தானே? கேட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்திருப்பார்கள், நீங்கள் சிரித்த பிறகே மறுநாளும் கேட்டிருப்பார்கள். அந்தப் பெண் உங்களைப் பார்த்து, "சார், இந்தச் சட்டையில் மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள், யாராவது பார்க்க வருகிறார்களா?" என்று ஏழெட்டுப் பேர் நடுவில் கேட்டிருந்தால், அன்று மாலைக்குள் அவருக்கு என்ன பட்டம் கிடைத்திருக்கும்?

அதற்காகக் கேலியே கூடாது என்பதும் எனக்கு உடன்பாடில்லை. இரவுப் பணியில் எங்களோடு இருந்த தொழில்நுட்பக்காரர்களை நாங்கள் படுத்தாத பாடு இல்லை, அவர்களும் விடவில்லை, இருவருக்கும் ஒரே சம்பளப் படி. அந்தப் பேச்சு இல்லாமல் அந்த இரவுகளைக் கடந்திருக்க முடியாது.

வேளச்சேரி வாசகி:
அக்கா, சம்பளப் படி ஒன்றாக இருந்தாலும் கணக்கு ஒன்றாகாது. ஆவின் பூத் என்று கத்தியவர் என் சம நிலை ஊழியர்தாம். ஒரு நாள் அவருடைய தொப்பையைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவரைக் கலகலப்பானவர் என்பார்கள், என்னை வாயாடி என்றார்கள்.

எக்ஸ்சேஞ்ச் அக்கா:
அதை மறுக்க மாட்டேன். எங்களில் அதிகம் பேசியவளுக்கும் கடைசி வரை அந்தப் பெயர்தான்.

ஆனால் தம்பி, நீங்கள் எழுதியதில் புடவையைவிட எனக்கு உறுத்துவது அந்தக் கோயம்புத்தூர்ப் பட்டியல். எந்தக் கிளையில் என்ன சிக்கல், அடுத்த பதவி உயர்வு யாருக்கு என்பதெல்லாம் பேசப்படுவது கீழே தேநீர்க் கடையில்தான். ஒரு பேச்சு தவறிவிட்டது என்று சொன்னதற்காக, அந்தப் பேச்சை மட்டும் விடாமல் பயணத்தையும் வேலையையும் சேர்த்து விலக்கிவிட்டீர்கள். புகாரே கொடுக்காதவருக்குத் தண்டனை கிடைத்திருக்கிறது.

வெளியாள்:
நாளை அவர் இதை எழுத்தில் கொடுத்தால், குழு முதலில் கேட்பது புடவையைப் பற்றியதாக இராது, அந்தப் பட்டியலைப் பற்றியதாகத்தான் இருக்கும். வேலை வாய்ப்பில் பாதகமாக நடத்துவதைத் துன்புறுத்தலோடு சேர்த்துப் பார்க்கச் சட்டத்தில் இடம் உண்டு.

கணக்குப்பிள்ளை:
அவரைத் தண்டிக்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை; என்னைக் காத்துக்கொள்வதாகத்தான் நினைத்தேன். புடவைப் பேச்சில் தவறில்லை என்ற என் கருத்து இன்னும் மாறவில்லை, ஆனால் மதிப்பீட்டை எழுதுபவன் நான் என்பது அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மதுரை, சிதம்பரம் கேள்வியைக் கடைசியாக எப்போது கேட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். நான் பிரிவுத் தலைவரான பிறகு ஒருவரும் கேட்டதில்லை.

பயணப் பட்டியல் வெள்ளிக்கிழமையே போய்விட்டது. மூன்றாவது பெயரைச் சேர்க்கச் சொல்லி இன்று காலை மறுபடி எழுதியிருக்கிறேன். ரயில் பயணச்சீட்டு காத்திருப்புப் பட்டியலில் 14-இல் இருக்கிறது.